சூடு பார்க்கும் கை

கைகால் மரத்துப்போகும் விறைப்புக்கு எந்த எண்ணெய் நல்லது என்று, இளம் சித்த வைத்தியர்களான உங்களில் யாராவது ஒருவர் அடிக்கடி என்னைத் தொலைபேசியில் கேட்கிறீர்கள். ஓய்வு பெற்றுக் கோப்பாயில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் கிழவியைச் சும்மா இருக்க விடக்கூடாது என்ற நல்ல எண்ணம் என்று எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் பஸ்ஸுக்குள் இருந்துதான் கேட்பீர்கள். பின்னால் கொண்டக்டர் கத்துவது எனக்குக் கேட்கும். நான் ஓர் எண்ணெயின் பெயரைச் சொல்வேன், நீங்கள் நன்றி சொல்லி வைத்துவிடுவீர்கள். வைத்த பிறகு எனக்கு எரிச்சல் வரும். கேட்க வேண்டியதை இந்தப் பிள்ளைகள் கேட்கவில்லையே, நானும் பஸ் இரைச்சலுக்குள் சொல்லவில்லையே என்று இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சித்த மருத்துவம் படித்தவள் என்பதும், சேவையின் கடைசி வருடங்களில் ஒரு புற்றுநோய்ப் பிரிவின் ஓரமாக எனக்கு ஓர் அறை தந்திருந்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. அங்கே யாரும் பிழை செய்யவில்லை, ஆனாலும் வேண்டாம். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு மின்விசிறி. விசிறி சுற்றும்போது மேசையில் இருக்கிற எல்லாம் பறக்கும், நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும்.

புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்துகளில் சில, நோயைத் தேடிப் போகிற வழியில் நரம்பு நுனிகளையும் கடித்துவிட்டுப் போகும். முதலில் விரல் நுனியிலும் பாதத்திலும் ஊசி குத்துவது போல இருக்கும். பிறகு மரத்துப்போகும். மருந்து முடிந்து மாதங்கள் போகச் சிலருக்கு மெல்ல விடும், சிலருக்கு விடாது. ஆங்கில வைத்தியத்திலும் இதைத் திடமாக மாற்றுகிற மருந்து இல்லை, எங்களிடமும் இல்லை. இதை முதலிலேயே ஒத்துக்கொள்ளாத வைத்தியர் அந்தப் புற்றுநோய் வாட்டுப் பக்கம் தலைகாட்டக்கூடாது என்பது என் கட்சி. எங்களால் முடிந்தது கொஞ்சம்தான். மெதுவாக எண்ணெய் தடவுவது, கால்விரல்களுக்குப் பயிற்சி, விழாமல் நிற்கப் பழக்குவது, மூச்சுப் பயிற்சி, முறையாகப் படித்தவர் கிடைத்தால் அக்குபங்சர். சிலருக்கு இதமாக இருக்கும். இதமாக இருக்கும் என்றுதான் எழுதுகிறேன், மாறும் என்று எழுதவில்லை.

மானிப்பாயிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியை ஒருநாளும் விடாமல் செய்தார். ஐயா தவம் தொடங்கிவிட்டார் என்று அயலட்டைச் சனம் பகிடி பண்ணியதாம். விறைப்பு அப்படியே இருந்தது. ஆனால் அவர் அதன் பிறகு விழவில்லை. எங்கள் வெற்றிகள் அந்த அளவுக்குத்தான் பெரியவை.

நான் அங்கே போன முதல்நாள், புற்றுநோய்ப் பிரிவின் பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டார். என்னைவிட வயது குறைந்தவர். அவர் பெயரையும் விட்டுவிடுகிறேன், தன்னைப் பற்றி எழுதினால் கோபிப்பார்.

"குடிக்கிற கஷாயம் ஒண்டும் வேண்டாம்," என்றார். "என்ரை மருந்தோடை அது என்ன செய்யுமெண்டு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வேறை எது குடுக்கிறதெண்டாலும் என்னைக் கேட்டுப்போட்டுக் குடுங்கோ."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப நான் இங்கை என்னத்துக்கு?"

"கிளினிக்கிலை ஓராளோடை கதைக்க எனக்கு எவ்வளவு நேரம் இருக்கெண்டு பாருங்கோவன். நான் என்ன கேட்டாலும் 'ஒண்டும் இல்லை ஐயா' எண்டிட்டு எழும்பிப் போவினம். உங்களிட்டைக் காலை நீட்டிக்கொண்டு இருந்து கதைப்பினம். எனக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்லுவினம். அதைக் கொண்டுவந்து தாங்கோ."

வைத்தியராக வந்தவளை ஒற்றர் வேலைக்கு எடுத்துவிட்டாரே என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த வேலையின் பாரம் எனக்குப் புரிந்தது ஸ்ரெல்லா வந்த பிறகு.

ஸ்ரெல்லாவின் ஊர் குருநகர். கணவர் அருளப்பு கடற்றொழில். அவள் ஒரு நண்டுக் கொம்பனியில் வேலை செய்தவள். அவித்த நண்டை உடைத்துச் சதையைப் பிரித்தெடுத்து, அதில் ஓட்டுத் துண்டான பொடிக்கோது கூட இல்லாமல் விரலால் தடவிப் பார்த்துக் கட்டி அனுப்புகிற வேலை. கோதின் துகள் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். மற்றப் பெண்கள் எடுத்த சதையையும் கடைசியில் ஒருமுறை இவளிடம்தான் தடவிப் பார்க்கக் கொடுப்பார்களாம். பெருங்குடலில் புற்றுநோய் வந்து, வெட்டி எடுத்து, திரும்ப வராமல் இருக்க மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குளிரைத் தொட்டாலே ஷொக் அடிக்கச் செய்கிற மருந்து அது. கொம்பனியில் எல்லாம் ஐசுக்குள் கிடக்கும். அதனால் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டிருந்தாள்.

அவள் முதல்முதல் என் அறைக்குள் வந்தது ஒற்றைச் செருப்போடு. நித்திரை வருகுதில்லை, உடம்பு உளைவாக இருக்கிறது, இங்கே எண்ணெய் பூசிவிடுவார்களாம் என்று சொல்லிக்கொண்டு கதிரையில் இருந்தாள். பின்னாலேயே ஒரு பெரியவர் மற்றச் செருப்பைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

"பிள்ளை, உம்மடை செருப்பு. அங்கை ஆக்கள் இருக்கிற வாங்குக்குக் கிட்டக் கிடந்தது."

"அவசரத்திலை வந்திட்டன்," என்று ஸ்ரெல்லா சிரித்தாள்.

அவசரத்தில் செருப்பைத் தவறவிடுகிறவர்கள் அடுத்த அடியிலேயே திரும்பிப் பார்ப்பார்கள். இவள் தாழ்வாரம் முழுவதும் ஒரு வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள், அது அவளுக்குத் தெரியவில்லை. நான் கண்ணை மூடச் சொல்லி, அவள் கையில் ஒரு புளியங்கொட்டையை வைத்து என்னவென்று கேட்டேன். விரல்களுக்குள் உருட்டினாள். கண்ணைத் திறக்காமலே கையை முகத்துக்குக் கொண்டுபோய், மூக்கைச் சொறிகிறவள்போல, அதை உதட்டில் ஒருமுறை உரசினாள்.

"புளியங்கொட்டை," என்றாள்.

"சொண்டாலை பாத்துச் சொன்னா நானும் சொல்லுவன்," என்றேன். "எவ்வளவு நாளா விரலுக்குத் தெரியேல்லை?"

முகம் வெளிறிப்போயிற்று. முதலில் இல்லை என்றாள். பிறகு கொஞ்சம்தான் என்றாள். நான் கால்களைப் பிடித்து எண்ணெய் தடவத் தொடங்கியதும், டொக்டர் சொன்னது போலவே, மெல்ல மெல்ல வந்தது.

"ஒருநாள் நண்டுக்கறி வைச்சனான் அம்மா. கோது பாத்துத்தான் எடுத்தனான். இவர் சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்கை வாய்க்குள்ளை கறுக்கெண்டு கேட்டது. நான் பாத்தன். இவர் நிமிரேல்லை, விழுங்கிப்போட்டார். பேந்தும் கேட்டது. அதையும் விழுங்கினார். எனக்கு அந்த இடத்திலை செத்துப்போனா என்ன எண்டு இருந்தது."

"இதைப் பெரிய டொக்டருக்குச் சொன்னனீரோ?"

"இல்லை. நீங்களும் சொல்லாதேங்கோ."

டொக்டர் ஒவ்வொரு முறையும் கேட்கிறவர்தான். சட்டைப் பொத்தானைப் பூட்டிக் காட்டச் சொல்லியும் பார்ப்பார். ஸ்ரெல்லா வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, விரலுக்குத் தெரியாததைக் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் முன்னால் குனிந்து பார்த்தபடி அழகாகப் பூட்டிக் காட்டுவாளாம். குளிர் மட்டும் கொஞ்சம் ஒத்துவருகுதில்லை ஐயா என்பாளாம். மருந்து எழுதியபடி ஏறும்.

அவள் இப்படிச் செய்ததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய வீட்டு ஒழுங்கையில் இன்னொரு பெண்ணுக்கும் புற்றுநோய். உடம்பு தாங்கவில்லை என்று பாதியில் மருந்தை நிறுத்தினார்கள், கொஞ்சக் காலத்தில் அந்தப் பெண் இறந்துபோனாள். அந்தப் பெண்ணுக்கு வந்தது வேறு வகைப் புற்றுநோய், வேறு மருந்து. நான் அதை எடுத்துச் சொன்னேன். காதில் விழவே இல்லை.

"முழுக்க ஏறினாத்தான் அம்மா வேர் அறும். பாதியிலை விட்டா அது கோவத்தோடை திரும்பி வரும். கையும் காலும் போனாப் போகட்டும். மகள் இந்தமுறை பள்ளிக்கூடச் சோதனை எடுக்கிறாள். அவள் ஒரு வழிக்கு வருமட்டும் நான் இருக்கவேணும்."

அவளுக்கு எது பெரிது என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. எனக்குத்தான் குழப்பம். விறைப்பு ஓர் அளவைத் தாண்டினால், அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடர்வது டொக்டர்மார் தெரிந்து செய்கிற காரியம். தாண்டவிட்டால் அவளுடைய கையும் காலும் பிறகு திரும்பாமலே போகலாம். ஆனால் அதை அளக்க வேண்டியவரின் கண்ணை இவள் மறைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மருந்துக்கு வரேக்கை நீராச் சொல்லும்," என்றேன். "நீர் சொல்லாட்டி நான் சொல்லுவன்."

"நீங்கள் சொல்லமாட்டியள்."

"சொல்லுவன், ஸ்ரெல்லா."

என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கடைசியில் சரி என்றாள். உடனேயே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று உங்களில் துடிப்பானவர்கள் கேட்பீர்கள். அடுத்த மருந்து வரைக்கும் உடம்பில் ஒன்றும் ஏறப்போவதில்லை. அதற்குள் அவளாகச் சொன்னால், டொக்டர் சொல்லும் பதிலையும் அவளாகக் கேட்பாள். மூன்றாவது ஆள் போய்ச் சொன்னால் அது பிடித்துக் கொடுப்பதாகத்தான் அவளுக்குப் படும்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்ற அருளப்புவைக் கூப்பிட்டேன். தன் பருமனுக்கு அறை காணாது என்பது போல ஒடுங்கிக்கொண்டு நின்றார். எப்படித் தடவுவது என்று காட்டினேன். நல்லெண்ணெய், போத்தலில் இருக்கிறபடி. சூடாக்க வேண்டாம். சுடுதண்ணீருக்குள் காலை வைக்க வேண்டாம். ஒத்தடம் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு நாளும் பாதத்தைத் திருப்பி, காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று தலையாட்டினார். திருப்பிச் சொல்லச் சொன்னேன், ஒன்றும் விடாமல் சொன்னார்.

அடுத்த மருந்துக்கு அவள் காலுக்கு உறையாக மேஸ் போட்டுக்கொண்டு வந்தாள். எங்கள் வெயிலுக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தவிர யார் மேஸ் போடுகிறார்கள்? நான் வாட்டுக்குள் வேறொருவரைப் பார்க்கப் போனபோது அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். இரத்தச் சோதனை நன்றாக வந்திருந்தது. டொக்டரைக் காலையிலேயே பார்த்துவிட்டாள். மருந்துப் பை தயாராகத் தொங்கியது. தாதி அவளுடைய கையில் ஊசி ஏற்ற நாளம் தேடிக்கொண்டிருந்தாள்.

"சொன்னனீரோ?" என்று கேட்டேன்.

அவள் மறுபக்கம் பார்த்தாள்.

"மேஸைக் கழட்டும், காலைப் பாப்பம்."

"வேண்டாம் அம்மா. குளிருது."

நானே குனிந்து கழற்றினேன். வலதுகால் மேஸ் பாதத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. தண்ணீர் நனைத்து மெல்ல எடுத்தேன். உள்ளங்கால் முழுவதும் கொப்புளம், குதிக்காலில் உடைந்து தோல் உரிந்து, ஓரம் சிவந்து, கெட்ட மணம் வீசத் தொடங்கியிருந்தது. தாதிப் பிள்ளை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஸ்ரெல்லா எட்டித் தன் காலைப் பார்த்தாள். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

அருளப்பு வாசலில் நின்றார். நான் அவரிடம் போனேன்.

"சூடு வேண்டாமெண்டு சொன்னனான் எல்லே?"

"குத்துது குத்துதெண்டு அழுதா அம்மா. பாத்துக்கொண்டு இருக்க ஏலேல்லை. உப்பை வறுத்து, நொச்சியிலையும் போட்டுத் துணியிலை கட்டி வைச்சனான். எங்கடை அம்மா எங்களுக்கு வைக்கிறவ. 'சூடு காணுமோ?' எண்டு கேட்டுக் கேட்டுத்தான் வைச்சனான். 'காணாது, இன்னும் கொஞ்சம்' எண்டா. திருப்பித் திருப்பிச் சட்டியிலை வைச்சு எடுத்தனான்."

"நீங்கள் கையாலை தொட்டுப் பாக்கேல்லையோ?"

"பாத்தனான் அம்மா. ஒவ்வொருக்காலும் பாத்துத்தான் வைச்சனான். வெறும் இளஞ்சூடு."

பொய் சொல்கிற ஆள் இல்லை. நான் அவருடைய கையைப் பிடித்துத் திருப்பினேன். சின்ன வயதிலிருந்து நைலோன் கயிறு இழுத்து இழுத்து, உள்ளங்கை காய்ந்த தேங்காய்மட்டை போல இருந்தது. என் நகத்தால் அழுத்தினேன், அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சூடு பார்த்த கைக்கும் தெரியவில்லை, சூடு வாங்கிய காலுக்கும் தெரியவில்லை. அன்பு மட்டும் குறைவில்லாமல் இருந்திருக்கிறது, சட்டியும் அடுப்பில் இருந்திருக்கிறது.

பிள்ளைகள், நீங்கள் படித்த ஒத்தட விதிகளில் இது இல்லை. எத்தனை நாழிகை, என்ன இலை, என்ன உப்பு எல்லாம் இருக்கும். சூடு பார்க்கிற கை யாருடையது என்று எங்கேயும் எழுதியிருக்காது. சுடுகுதோ என்று நோயாளியைக் கேட்பதுதான் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சோதனை. விறைத்த ஆளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் வருகிற பதில் அவரைச் சுட்டுவிடும். வீட்டில் யார் தடவப் போகிறார்கள் என்று கேளுங்கள். அவர்களுடைய கையைப் பிடித்துப் பாருங்கள். கடல், தோட்டம், மேசன் வேலை என்றால் இன்னும் வடிவாகப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்வதோடு நிற்காதீர்கள். வலி தாங்காமல் அழுகிற ஆளுக்கு முன்னால் சும்மா இருக்க ஒருவராலும் முடியாது, அந்த நேரத்தில் கைக்குச் செய்ய வேறு என்ன வேலை கொடுக்கலாம் என்றும் யோசித்துச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் அந்த நேரத்தில் என் முன்னால் இருந்தது இது எதுவும் இல்லை. தாதியின் கையில் ஊசி, தொங்குகிற பை, கட்டிலில் ஸ்ரெல்லா. அந்த மருந்து ஏறினால் அடுத்து வரும் நாட்களில் இரத்தத்தில் கிருமியை எதிர்க்கிற அணுக்கள் இறங்கிவிடும். காலில் திறந்த புண். கிருமி இரத்தத்துக்குள் போனால் புற்றுநோய் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

ஸ்ரெல்லா என் சேலைத் தலைப்பைப் பிடித்தாள். பிடி தளர்வாக இருந்தது, துணி கைக்குள் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பிடித்தாள்.

"இண்டைக்கு ஒருக்கா ஏறட்டும் அம்மா. பேந்து நானே சொல்லுறன். மாதாவாணைச் சொல்லுறன். புண்ணுக்கு வெளியிலை மருந்து கட்டுவம். ஒருதருக்கும் தெரியத் தேவையில்லை."

அருளப்பு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

"பிள்ளை, கொஞ்சம் பொறும்," என்று தாதியிடம் சொல்லிவிட்டு, தலைப்பை விடுவித்துக்கொண்டு டொக்டரின் அறைக்குப் போனேன். போகிற வழியில் திரும்பி விடலாமா என்று ஒருமுறை நினைத்தேன். அவள் சொன்னது போல நடந்து, எல்லாம் சரியாக வந்துவிடவும் கூடும்தானே. அப்படி நினைத்துக்கொண்டேதான் கதவைத் தட்டினேன்.

டொக்டர் வந்து காலைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைப் பூட்டச் சொன்னார். அவளால் முடியவில்லை. அவர் சத்தம் போடவில்லை. கட்டிலின் ஓரத்தில் இருந்து, அன்றைக்கு மருந்து ஏற்ற முடியாது என்றும், புண் ஆறிய பிறகு நரம்பைக் கடிக்கிற அந்த மருந்தை விட்டுவிட்டு மற்றதைத் தொடரலாம் என்றும், ஏற்கெனவே ஏறியது வீண்போகாது என்றும் பொறுமையாகச் சொன்னார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"உங்களை நம்பித்தானே எல்லாத்தையும் சொன்னனான்," என்று என்னிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் என் அறைக்கு வரவில்லை. புண் ஆற நீண்டகாலம் எடுத்தது. மற்ற மருந்தை முடித்தாள். கிளினிக் நாட்களில் தாழ்வாரத்தில் என்னைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அருளப்பு மட்டும் தலையை அசைப்பார். விறைப்பு அவளை விடவில்லை. மகள் சோதனை எடுத்தாள், நன்றாகச் செய்தாள் என்று தாதிமார் சொன்னார்கள்.

பிறகு புற்றுநோய் ஈரலில் வந்துவிட்டது.

அந்தச் செய்தி கேட்ட அன்று டொக்டரிடம் போனேன். "விட்டுப்போன அந்த மருந்தும் ஏறியிருந்தா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியாது," என்றார். "முழுக்க ஏறினவைக்கும் வந்திருக்கு. பாதியிலை விட்டவை நல்லா இருக்கினம். அண்டைக்கு ஏத்தியிருந்தா அந்தப் புண்ணோடை அவ உடனேயே போயிருக்கலாம். அதுவும் தெரியாது. நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தா நான் உங்களை மன்னிச்சிருக்கமாட்டன். அது மட்டும் எனக்குத் தெரியும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆறுதல் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம் அருளப்பு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அவ உங்களைப் பாக்கவேணுமாம்," என்றார். ஓட்டோவில் குருநகருக்குப் போனோம். 

ஸ்ரெல்லா சுருங்கிப்போயிருந்தாள். மகள் எனக்குக் கதிரை போட்டுவிட்டு, தேத்தண்ணீர் வைக்கப் போனாள். அருளப்பு கட்டிலின் கால்மாட்டில் இருந்துகொண்டு எண்ணெய்ப் போத்தலை எடுத்தார். வெயில் விழுகிற யன்னலில் இருந்த போத்தல். திறக்க முதல் அதைத் தன் கீழ்உதட்டில் வைத்துப் பார்த்தார். பிறகு மேல்உதட்டிலும் ஒருமுறை வைத்தார். நம்பிக்கை வந்த பிறகுதான் கையில் ஊற்றி அவளுடைய பாதத்தைப் பிடித்தார். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"நீங்கள் அண்டைக்குச் சொல்லாமல் விட்டிருந்தா எண்டு நான் ஒவ்வொரு நாளும் நினைக்கிறனான்," என்றாள் ஸ்ரெல்லா.

"ஓம்," என்றேன்.

"நீங்களும் நினைக்கிறனீங்களோ?"

"ஓம். நினைக்கிறனான்."

என்னைப் பார்த்தாள். "அப்ப சரி," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. தான் மட்டும் அதைச் சுமக்கவில்லை என்று தெரிந்தது அவளுக்குப் போதுமாக இருந்திருக்கலாம். தேத்தண்ணீர் வந்தது, குடித்துவிட்டு வந்தேன். அந்தத் தவக்காலத்தில் போய்விட்டாள்.

இன்னொரு முறை அப்படியொரு கட்டிலுக்கு முன்னால் நின்றாலும் நான் அதே கதவைத்தான் தட்டுவேன். அதைச் சந்தேகமில்லாமல் சொல்கிறேன். ஆனால் சரியானதைச் செய்தால் மனம் இலேசாகிவிடும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், அவர் இந்த வேலையைச் செய்தவராக இருக்கமாட்டார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அருளப்பு என் அறைக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் அவருக்கு வேறு அலுவல் இல்லை. நோயாளிகள் இருக்கிற கதிரையில் இருந்து, இரண்டு கைகளையும் மேசைமேல் மல்லாக்க வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். விசிறியை நிறுத்தினேன்.

"ஒண்டு கேக்கவேணும் அம்மா. ஆரிட்டைக் கேக்கிறதெண்டு தெரியேல்லை."

"கேளுங்கோ."

"அண்டைக்கு நான் அந்த உப்புப் பொட்டளியை வைக்கேக்கை, அவளுக்கு நொந்திருக்குமோ? எனக்காகச் சொல்லாமல் இருந்திருப்பாளோ?"

நண்டுக்கோதை விழுங்கிய மனிதர் அப்படித்தானே கேட்பார். நான் அந்தப் பாதத்தை நினைத்துப் பார்த்தேன். புண்ணில் ஒட்டிய மேஸை உரித்தபோது அவள் அசையவே இல்லை. தன் காலை வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இல்லை அருளப்பு. அவவுக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது."

"வடிவாத் தெரியுமோ?"

"வடிவாத் தெரியும்."

அந்த அறையில் இருந்த காலம் முழுவதும், மாறுமா, திரும்ப வருமா, எப்போது விடும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தெரியாது என்பதைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்லி அனுப்பினேன். நிச்சயமாகத் தெரிந்து நான் சொன்ன பதில் இது ஒன்றுதான். அதையும் எனக்குத் தந்தது, நான் குறைக்க வந்த அந்த விறைப்பு.

அருளப்பு அந்தக் கைகளாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வெளியே வாங்கில் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து அவருக்கு முன்னால் இருந்தேன்.